மாமனார் பூட்டுகளும் நானும்

எங்கள் வீட்டுப் பூட்டுகளைப் பூனைகள் நக்கும். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நான் கதை விடுவதாக நினைத்துச் சிரிக்கிறார்கள். உண்மையாகவே நக்கும். வெயில் ஏறியதும் வாசல் கேட்டில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று பூட்டைத் துழாவும். பின்பக்கம் தண்ணீர் டிரம்மின் மேல் இன்னொன்று உட்கார்ந்திருக்கும். சமையலறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டால் அரிசிப் பீப்பாயைச் சுற்றி ஒரு கூட்டமே சேர்ந்துவிடும். தூத்துக்குடியில் உப்புக்காற்றுக்குப் பயந்து எல்லோரும் பூட்டுக்குள் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுவார்கள். என் மாமனார் மட்டும் திரேஸ்புரத்திலிருந்து ஒரு புட்டி சுறா எண்ணெய் வாங்கி வைத்துக்கொண்டு, கோழி இறகால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பூட்டுக்கும் ஊட்டுவார். தோணியின் பலகைக்கு அதைத்தான் பூசுவார்கள். அத்தனை பெரிய தோணியைக் கடல் தின்னாமல் காப்பாற்றிய எண்ணெய் இந்தச் சின்னப் பூட்டைக் காப்பாற்றாதா என்பது அவர் கட்சி. வீடு முழுக்க நாறுகிறதே என்றால், "நாத்தமா? அது மணம்ளா" என்பார். அந்தப் பூட்டுகளைத்தான் நான் ஏழு மாதம், அவருக்குத் தெரியாமல், சாவியில்லாமல் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

மாமனார் தோணியில் தண்டலாக இருந்தவர். கப்பலுக்குக் கேப்டன் எப்படியோ, தோணிக்குத் தண்டல் அப்படி. வெங்காயமும் காய்கறியும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வருவார். கூட ஒரு பத்துப் பேர். காற்று ஒத்துழைக்காவிட்டால் நாலு நாள் பயணம் பத்து நாளாக நீளும் என்பதால், அரிசியும் குடிதண்ணீரும் எப்போதும் பூட்டுக்குள் இருக்கும். சாவி தண்டலின் அரைஞாண் கயிற்றில் இருக்கும். தினமும் விடிந்ததும் அவர்தான் திறப்பார், அவர்தான் அளந்து கொடுப்பார், அவர்தான் பூட்டுவார். கரைக்கு வந்து பல வருஷம் ஆன பிறகும் அந்தச் சாவிக்கொத்து இடுப்பிலேயே கிடந்தது. கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் சாவி. ஒரே ஒரு நாள் தவிர, இரண்டையும் அவர் கழற்றி நான் பார்த்ததில்லை. கூட வந்த ஆட்களை அவ்வளவு நம்பவில்லையா மாமா என்று ஒருமுறை கேட்டேன். "அவனுவ திருடுவானுவன்னா பூட்டுனேன்? தாகம்னு வந்தா மொதல்ல எனக்குத்தாம்ளா ஆசை வரும். எனக்காவத்தான் பூட்டுனது" என்றார். அன்றிலிருந்து அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு தனி மரியாதை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நான் தருவைகுளத்துக்காரி. அந்த மீனவக் கிராமத்தில் எங்கள் வீட்டுக்குக் கதவு உண்டு, பூட்டு கிடையாது. குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினால்கூடப் பழைய வலைக்கயிற்றால் கதவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவோம். அதுவும் நாய் நுழையாமல் இருக்கத்தான். அப்படி வளர்ந்தவளுக்குப் பூட்டின்மேல் ஆசை வந்ததற்கு என் ஆபீஸ்தான் காரணம். துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதங்கள் தயார் செய்யும் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கிறேன். சர்வர் படுத்துவிட்டால் படுத்ததுதான், அரை நாள் திரையைப் பார்த்துக் கொட்டாவி விட வேண்டும். அப்படி ஒரு மதியம் போனில் எதையோ தேடப்போய், ஒரு வெளிநாட்டு மனிதர் இரண்டு கம்பிகளை வைத்துப் பூட்டைத் திறக்கும் வீடியோ வந்து நின்றது. முகம் தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது. அவசரமே இல்லாத கை. நாள் முழுக்க அவசரம் அவசரம் என்று ஓடுகிற எனக்கு அந்தக் கையைப் பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. தையல், மாடித்தோட்டம் என்று அதுவரை யார் எதைச் சொல்லியும் மசியாத மனசு இதில் போய் விழுந்தது. அந்த வாரமே ஆன்லைனில் ஒரு செட் கம்பிகளும், பழகுவதற்கென்று விற்கிற, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பூட்டு ஒன்றும் வரவழைத்தேன்.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எந்த வீட்டுல கன்னம் வைக்கதா உத்தேசம்?" என்று கேட்டார். மாமனார் அந்தப் பூட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள இருக்கதுலாம் வெளிய தெரியுது. இதுக்குப் பூட்டுன்னு பேரா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அத்தோடு அவருக்கு அதில் இருந்த ஆர்வம் முடிந்தது. எனக்கு அதுவே வசதியாகப் போயிற்று.

பூட்டின் சங்கதி கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். வயிற்றுக்குள் நாலைந்து சின்னக் குச்சிகள் வரிசையாக நின்று வழியை மறித்துக்கொண்டிருக்கின்றன. சரியான சாவி நுழைந்தால் ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்துக்கு எழுந்து வழிவிடும், உருளை திரும்பும், பூட்டு திறக்கும். சாவியில்லாமல் திறக்கிறவள், வளைந்த தகடு ஒன்றால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, நுனி வளைந்த கம்பியால் அந்தக் குச்சிகளை ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். சரியான உயரத்தில் ஒரு சின்ன 'டிக்' கேட்கும். கேட்கும் என்பதைவிட விரல் நுனியில் தெரியும். 'லேசாக' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. என் கை லேசான கை இல்லை. பாறை மீனுக்குச் செதில் சுரண்டி வளர்ந்த கை. நான் அழுத்திய அழுத்தில் குச்சிகள் அத்தனையும் இறுகி, அசையாமல் நின்றன. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிகிற பூட்டையே முதல் ஒன்பது நாள் என்னால் திறக்க முடியவில்லை. சின்ன வயதில் தம்பிகளுக்கு மீன் முள் எடுத்து ஊட்டிய கை ஒன்று எனக்கு இருந்ததே என்று ஒரு நாள் நினைவு வந்தது. முள்ளைத் தேடும்போது விரல் சதையை அமுக்குவதில்லை, சும்மா தடவிக்கொண்டு போகும். அந்தக் கையை ஞாபகப்படுத்திக்கொண்டு பிடித்தேன். பத்தாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, சோறு கொதித்துக்கொண்டிருந்தபோது பூட்டு பட்டென்று வாயைப் பிளந்தது. கஞ்சி பொங்கி அடுப்பு அணைந்து, கியாஸ் வாடை வந்து கணவர் ஓடி வந்து பார்த்தபோது, நான் பூட்டை வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேனாம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்குக்கூட நான் அப்படிச் சந்தோஷப்படவில்லை.

இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் எல்லோரும் சொல்கிற விதிகள் இரண்டு உண்டு. உனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடாதே. சொந்தப் பூட்டாகவே இருந்தாலும், பயன்பாட்டில் இருக்கிற பூட்டைத் தொடாதே. முதல் விதி நேர்மைக்கு. இரண்டாவது விதி, கம்பி போட்டுக் கிண்டும்போது பூட்டு கெட்டுப்போகலாம், அன்றாட வேலை நின்றுவிடும் என்பதற்காக. ஒவ்வொரு வீடியோவிலும் தலையில் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. கடையில் இரண்டு மூன்று சின்னப் பித்தளைப் பூட்டுகள் வாங்கி, ஆபீஸ் மேஜை இழுப்பறையில் போட்டுவைத்து, அவற்றோடு மட்டும் மல்லுக்கட்டினேன். இரண்டு விதிகளையும் ஒரே நாளில் மீறுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும்.

மாமியார் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகுதான் மாமனாருக்கு மறதி ஆரம்பித்தது என்று குடும்பத்தில் சொல்வார்கள். எனக்கென்னவோ அவர் மறந்ததையெல்லாம் அதுவரை மாமியார் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், அதனால் நமக்குத் தெரியவில்லை என்றுதான் படுகிறது. முதலில் பெயர்கள் தப்பின. பிறகு கிழமைகள். ஒரு நாள் காலையில் வெல்டிங் கடைக்காரரைக் கூட்டிவந்து அரிசிப் பீப்பாய்க்கும் தண்ணீர் டிரம்முக்கும் மளிகை அலமாரிக்கும் கொண்டி வைக்கச் சொன்னார். தோணிக் காலத்துப் பித்தளைப் பூட்டுகள் ஒரு டஜன் அவரிடம் இருந்தன. இரும்புப் பூட்டு கடலுக்கு ஆகாது என்பதால் எல்லாமே பித்தளை. சாயங்காலத்துக்குள் வீட்டில் பூட்ட முடிந்ததையெல்லாம் பூட்டிவிட்டார். "பயணம் எத்தனை நாளுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். காலையில் மாதா கோயிலில் பூசை கண்டு வந்ததும் பீப்பாயைத் திறந்து எனக்கு அரிசி அளந்து கொடுத்துவிட்டுப் பூட்டுவார். நான் முந்தானையில் வாங்கிக்கொள்ளாத குறைதான். ஆனால் அந்த வேலையில் அவர் முகம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெயர் தப்புகிற மனிதருக்கு அளவு ஒரு நாளும் தப்பவில்லை.

தொல்லை வந்தது வேறு வகையில். ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் சீனி தீர்ந்திருக்கும், அவர் பூசையில் இருப்பார். லீவு நாளில் மதியம் தண்ணீர் வேண்டும், அவர் தூங்குவார். எழுப்பிக் கேட்டால் எந்தச் சாவி என்று தடுமாறுவார். தடுமாறுவது நமக்குத் தெரிந்துவிட்டால் கோபம் வரும். ஒரு நாள் தண்ணீர் டிரம்முக்கு முன்னால் சாவிகளைப் போட்டுப் போட்டுப் பார்த்து, கடைசியில் கொத்தால் டிரம்மை ஓங்கி அடித்தார். கணவர் அன்று முடிவெடுத்துவிட்டார். "எல்லாப் பூட்டையும் அறுத்துத் தூரப் போடுதேன். வீடா இது, கஸ்டம்ஸ் குடோனா?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் மாமனாரின் இடுப்பிலிருந்து சாவி போய்விட்டால் அந்த மனிதருக்கு அப்புறம் என்ன வேலை மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. "ஒரு வாரம் பொறுங்க. எனக்குச் சாவி வேண்டாம்" என்றேன். கணவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

மேஜை இழுப்பறைப் பூட்டுகளை நாலு நிமிஷத்தில் திறக்கிற எனக்கு, மாமனார் பூட்டு முதல் நாள் ஒரு மணி நேரம் தண்ணி காட்டியது. காரணம் சுறா எண்ணெய். அது காய்ந்தால் பிசினாகிவிடும் என்று தோணிக்காரர்களுக்குத் தெரியும். பலகைக்கு அதுதான் நல்லது. பூட்டுக்குள் போனால்? குச்சியை எழுப்புவேன், அது அப்படியே நிற்கும், சரியான உயரத்துக்கு வந்துவிட்டது என்று நம்பி அடுத்ததற்குப் போவேன். உண்மையில் அது வந்து நின்றிருக்காது, பிசினில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும். நம்ப வைத்துக் கழுத்தறுக்கிற பூட்டு. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். கழுவிய பூட்டு வெண்ணெய் மாதிரித் திறந்தது. மறுநாளே மாமனார் வந்து, பூட்டு காய்ந்து கிடக்கிறதே என்று இன்னும் இரண்டு இறகு எண்ணெய் ஊட்டினார். அதன்பிறகு கழுவும் யோசனையை விட்டுவிட்டு, ஒட்டுகிற குச்சிக்கும் நிற்கிற குச்சிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பழகினேன். ஒட்டுகிற குச்சியைத் தொட்டால் தூக்கக் கலக்கத்தில் 'ம்' கொட்டுவதுபோல் மந்தமாக அசையும். இதை எந்த வீடியோவிலும் சொல்லித் தரவில்லை. உலகத்தில் சுறா எண்ணெய் போட்ட பூட்டைத் திறக்கத் தெரிந்த ஒரே பெண்பிள்ளை நான்தான் என்று ஆபீஸில் சொல்லிக்கொள்ள முடியாமல் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

ஏழு மாதம் அப்படி ஓடியது. அவர் பூசைக்குப் போவார். நான் திறப்பேன், வேண்டியதை எடுப்பேன், கம்பியைத் துடைத்து ஒளித்துவைத்துவிட்டுப் பூட்டை முன்பு தொங்கிய பக்கமாகவே தொங்கவிடுவேன். அவர் வந்து தன் சாவியால் திறந்து அளந்து கொடுப்பார். அதையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். அவரை ஏமாற்றுகிறேனே என்று ஒரு உறுத்தல் இருந்தது. வீட்டில் சண்டையில்லை, தண்டலின் அதிகாரமும் போகவில்லை என்று அதைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதுதான் உண்மை. ஒருவர் பூட்டுகிறார், ஒருத்தி திறக்கிறாள், இருவர் வேலையும் நன்றாக நடக்கிறது.

மாதா கோயில் திருவிழா வந்தது. தருவைகுளத்திலிருந்து என் அம்மாவும் தம்பிகள் இருவரும் வருவதாக இருந்தது. வந்தபோது தம்பிகளின் குடும்பங்களும் சேர்ந்தே இறங்கின. மாமனார் காலையில் அளந்து கொடுத்த அரிசி பாதிப் பேருக்குக்கூடக் காணாது. அவர் கோயிலில் இருந்தார். அம்மாவை முன்னறையில் உட்காரவைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்ப் பீப்பாய்ப் பூட்டில் கம்பியை விட்டேன். அவசரம். ஆட்கள் பசியோடு இருக்கிறார்கள், குழம்பு கொதிக்கிறது, எந்த நேரமும் யாராவது உள்ளே வந்துவிடலாம். என் பழைய கை திரும்பி வந்துவிட்டது. ஒட்டிய குச்சி ஒன்றை எழுப்ப அழுத்தினேன். 'டிக்' என்றது. சந்தோஷத்தோடு கம்பியை வெளியே இழுத்தால் நுனியைக் காணோம். ஒடிந்து பூட்டுக்குள் மாட்டிக்கொண்டது. ஊசியால் நெம்பிப் பார்த்தேன். புருவம் எடுக்கிற இடுக்கியால் பார்த்தேன். பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையைக்கூடப் பிய்த்து வந்து காட்டிப் பார்த்தேன். வரவில்லை. அரிசிக்குப் பக்கத்து வீடு இருக்கிறது, அது பெரிய விஷயமில்லை. கணவரைக் கூப்பிட்டு ஒடிந்த கம்பியைக் காட்டிக்கொண்டிருந்தபோதே மாமனார் வந்துவிட்டார்.

சம்பந்தி வீட்டார் வந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எம் மருமவ வீட்டாளுவ வந்திருக்காவ. நானே அளந்து தாரேன்" என்று எல்லோரும் பார்க்கச் சமையலறைக்கு வந்து, இடுப்புக் கயிற்றில் கிடந்த கொத்தை முன்னே இழுத்து, ஒரு சாவியைப் பிரித்துப் பூட்டில் விட்டார். பாதிவரை போனது. அதற்குமேல் போகவில்லை. எடுத்துப் பார்த்தார். அடுத்த சாவியை விட்டார். அதற்கடுத்தது. கொத்து முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். என் அம்மாவும் தம்பிகளும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இரண்டாவது சுற்றும் முடிந்ததும் அரைஞாண் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். வருஷக்கணக்கில் அவிழ்க்காத முடிச்சு லேசில் அவிழவில்லை. அவிழ்த்து, கொத்தைக் கணவரிடம் நீட்டினார். "ஏலே, நீ சொன்னது சரிதாம்லே. எனக்குப் புத்தி போயிட்டு. இனி நீயே வச்சுக்க" என்றார்.

கணவர் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். பேசாமல் இரு என்றது அந்தப் பார்வை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. தானாகவே வந்த முடிவு, இப்படியே போகட்டும் என்று நினைத்திருப்பார். நானும் நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது. வாயை மூடிக்கொண்டால் போதும். பூட்டு இல்லை, எண்ணெய் நாற்றம் இல்லை, பூனை இல்லை. புகுந்த வீட்டில் கள்ளச்சாவி போடுகிறவள் என்று என் அம்மா முன்னால் தலைகுனிய வேண்டியதும் இல்லை. ஆனால் ஒன்று இருந்தது. அவர் முதலில் எடுத்தாரே ஒரு சாவி, அது சரியான சாவி. பெயரும் கிழமையும் தப்புகிற அந்த மனிதர் அன்றைக்குத் தப்பவே இல்லை. தப்பாத ஒரு நாளில், நான் செய்த காரியத்துக்காக, தன் புத்தி போய்விட்டது என்று அவர் ஒத்துக்கொள்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"மாமா, நீங்க போட்ட மொத சாவிதான் சரி. பூட்டைக் கெடுத்தது நான்" என்றேன். உள்ளங்கையை விரித்து ஒடிந்த கம்பியைக் காட்டினேன்.

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. கம்பியை வாங்கிப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். "எத்தன நாளா?" என்றார். ஏழு மாதமாக என்றேன். "இந்த ஒண்ணு மட்டுமா?" எல்லாவற்றையும்தான் என்றேன். என் அம்மா, "ஏ மாதாவே" என்று வாயில் கை வைத்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். மாமனார் பின்பக்கம் போய்த் தண்ணீர் டிரம்மைக் காட்டி, "தொற, பாப்போம்" என்றார். இன்னொரு கம்பியை எடுத்துவந்து, அத்தனை பேர் முன்னால், தரையில் குத்தவைத்து உட்கார்ந்தேன். டிரம்மின் மேலிருந்த பூனை இறங்கிப் போகமாட்டேன் என்றது. பூட்டு திறந்தது. அவர் குனிந்து, திறந்த பூட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார், அல்லது என் வீட்டாரோடு கிளம்பிப் போ என்பார் என்று காத்திருந்தேன்.

"எடுத்திட்டுத் திரும்பப் பூட்டுனியா?"

"ஒவ்வொரு தடவையும் பூட்டுனேன் மாமா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சத்தமில்லாமல், பிறகு இருமல் வருகிற அளவுக்கு. மாமியார் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "அப்ப எம் புத்தியில ஒரு கோளாறும் இல்ல. வீட்டுக்குள்ள ஒரு கள்ளி இருக்கா, அவ்வளவுதான். ஏலே, சாவியைத் தா" என்று மகன் கையிலிருந்து கொத்தைப் பிடுங்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். பெரிய தம்பி ஹாக்ஸா பிளேடால் பீப்பாய்ப் பூட்டை அறுத்தான். மாமனார் அரிசி அளந்து போட்டார். அன்றைக்குச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் ஆனது. என் அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மறுநாள் பூசை முடிந்ததும் கோயில் படியில் வைத்தே அவர் செய்தியைப் பரப்பிவிட்டார். "எம் மருமவ பெரிய கள்ளி, தெரியுமா? ஒரு டஜன் பூட்டு, ஒரு சாவி இல்லாம!" பெருமையா புகாரா என்று கேட்கிறவர்களுக்குப் பிடிபடவில்லை. எதிர்வீட்டு அக்கா ஒரே வாரத்தில் தன் வீட்டுக்கு விலையுயர்ந்த பூட்டாகப் பார்த்து மாற்றிக்கொண்டார். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் மாற்றினார். எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், அந்தப் பூட்டு எந்த ரகம் என்று பார்ப்பதற்காகவே இரண்டு தடவை அவர் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன். சாவி தொலைத்தவர்கள் பூட்டோடு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். பூட்டுக்குச் சொந்தக்காரர் கூடவே வந்தால்தான் தொடுவேன். அந்த அளவுக்கு விதிகளோடு ஒரு சமரசத்துக்கு வந்திருந்தேன். பீப்பாய்க்குப் புதுப் பூட்டு வந்தது. இனிமேல் அவர் பார்க்கவே திறக்கலாம் என்று எனக்கு உத்தரவும் கிடைத்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு நேரமாவுதே, கை தளந்துட்டோ?" என்று வம்புக்கு இழுப்பார்.

ஒரு விஷயம் மட்டும் நான் எதிர்பாராதது. மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்றால் முன்பெல்லாம் அவர் முகம் இருண்டுவிடும். இப்போது, "கள்ளி எடுத்திருப்பா" என்பார். "எடுத்திட்டியாளா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "ஆமா மாமா, நான்தான் எடுத்தேன்" என்று சொல்லி, அவர் தலைமாட்டிலிருந்தே எடுத்துக் கொடுப்பேன். அவருக்கு நிம்மதி. மறதிக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது, அது தெரிந்த முகம், கூப்பிட்டால் வருகிற முகம். கண்ணாடியில் ஆரம்பித்தது வளர்ந்துகொண்டே போனது. இன்றைக்கு என்ன கிழமை என்பதை நான் எடுத்தேன். காலையில் சாப்பிட்டாரா இல்லையா என்பதை நான் எடுத்தேன். கோயிலிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியைக்கூட ஒரு நாள் நான் எடுத்துவிட்டேன், பக்கத்துத் தெருக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். கணவருக்கு இது பிடிக்கவில்லை. "செய்யாததை ஏன் ஒத்துக்கிடுத?" என்பார். செய்ததை ஒத்துக்கொண்டபோது நடந்ததைப் பார்த்தவள் நான். செய்யாததை ஒத்துக்கொள்வது எனக்கு ஒரு பாரமாகவே தெரியவில்லை.

அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. கொண்டிகளை எடுத்துவிட்டோம், அரிசி இப்போது மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது. நான் இன்னும் கம்பியை விடவில்லை. சர்வர் படுத்தால் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பூட்டை எடுத்துக்கொள்கிறேன். கை முன்னைவிட நிதானப்பட்டிருக்கிறது. லீவர் பூட்டு என்று ஒரு ரகம், குச்சிகளுக்குப் பதில் உள்ளே தகடுகள், ஆறு மாதமாகத் தண்ணி காட்டுகிறது. அதுவும் ஒரு நாள் திறக்கும். புதுப் பூட்டுகளில் எண்ணெய் இல்லை, பிசின் இல்லை, எல்லாம் சுத்தமாக 'டிக் டிக்' என்று பேசுகின்றன. அவ்வளவு சுத்தம் எனக்குச் சில நாள் சப்பென்று இருக்கிறது.

கடைசி மாதங்களில் அவர் அதிகம் பேசுவதில்லை. சாயங்காலங்களில் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் இருக்கும் மாமியார் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "ஏளா கள்ளி, இங்கன வா" என்றார். என் பெயர் அவரிடமிருந்து எப்போதோ போயிருந்தது, இது மட்டும் நின்றிருந்தது. போய்ப் பக்கத்தில் நின்றேன். படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், வெகுநேரம் உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்தார். வரவில்லை. பிறகு என்னைப் பார்த்து, கோபமில்லாமல், ஒரு சின்ன உதவி கேட்பவர்போல் கேட்டார்.

"இவ பேரையும் நீதான் எடுத்திட்டியா?"

"ஆமா மாமா. நான்தான் எடுத்தேன்" என்றேன்.

"அதை மட்டும் குடுத்திரு தாயி. மத்ததெல்லாம் நீயே வச்சுக்க."

நான் குனிந்து, அவர் காதில் அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்தேன்.